வாரம் ஒரு மாத்திரை: பண்ருட்டி மருந்துச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் டாக்டர் சுப்பாராவ் யார்?

பண்ருட்டி என்றாலே பலருக்கும் பலாப்பழம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஊரிலும் சுற்றுப்பக்கத்திலும் நிறைய வீடுகளில் அடுப்பு எரிவது முந்திரியால்தான். என் பெரியம்மாவும் இருபது வருஷத்துக்கு மேல் முந்திரி உடைத்தவர். போன வருஷம் திடீரென்று காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் போன பிறகுதான் கை கொஞ்சம் சொன்னபடி கேட்டது. உழைத்த கை, வயசும் ஆச்சு, தேய்மானம்தான் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டோம். தைலம், ஒத்தடம், மெடிக்கல் ஷாப்பில் வாங்கின வலி மாத்திரை என்று ஆறு மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் மூட்டு நோய் ஸ்பெஷலிஸ்ட்டிடம் காட்டியபோதுதான், அது தேய்மானம் இல்லை, முடக்குவாதம் என்று தெரிந்தது. ஊரில் சரவாங்கி என்று சொல்வார்களே, அதேதான். சீட்டில் இரண்டு மாத்திரைகள் முக்கியமாக இருந்தன. ஒன்று மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே ஒரு நாள். இன்னொன்று ஃபோலிக் ஆசிட், அதை வேறொரு நாளில்.

நெய்வேலியில் வேலை பார்க்கும் அண்ணன் முதல் மாத்திரையின் பெயரை கூகுளில் தட்டிப் பார்த்தார். புற்றுநோய் மருந்து என்று வந்தது. அவ்வளவுதான். பெரியம்மா மூன்று வாரம் அந்த அட்டையைத் தொடவே இல்லை. மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போய், பொறுமையாக விளக்கிச் சொல்ல வைத்த பிறகுதான் ஆரம்பித்தார்.

அந்தக் குழப்பத்தில் நானும் இந்த மருந்தைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். அப்போது தெரிந்த விஷயம் இது. சீட்டில் இருந்த இரண்டு மாத்திரைகளும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தோடு தொடர்புடையவை. அந்தக் கூடத்தின் தலைவர் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். அங்கே முழு டிகிரிகூட கிடைக்காமல் வெளியே வந்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாவது முயற்சியில் பாஸ்

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12, பீமவரத்தில். இன்றைக்கு அது ஆந்திரா, அன்றைக்கு மெட்ராஸ் மாகாணம். அப்பா ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சின்ன வேலையில் இருந்தவர். உடம்பு சரியில்லாமல் சீக்கிரமே வேலையை விட வேண்டியதாயிற்று. ஏழு பிள்ளைகள், வருமானம் இல்லை. அம்மா வெங்கம்மாதான் குடும்பத்தை இழுத்துப் பிடித்தவர்.

பையனுக்குப் படிப்பில் மனசு ஒட்டவில்லை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று சின்ன வயசிலேயே வீட்டை விட்டுக் கிளம்பினார். பிடித்துக் கொண்டுவந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை சென்னை இந்து ஹைஸ்கூலில் படித்துத் தேறினார். பிறகு பிரெசிடென்சி காலேஜ்.

அங்கிருந்து அவர் போக நினைத்தது லேபுக்கு இல்லை, மடத்துக்கு. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக ஆசைப்பட்டார். முதலில் மருத்துவம் படி, அதுவும் சேவைதான் என்று அங்கே திருப்பி அனுப்பினார்கள். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பணம் கொடுக்க, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். 1919-ல் சேஷகிரியோடு கல்யாணம்.

கதர் உடையால் போன டிகிரி

காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டருக்கே கதர் உடையில் போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் சுப்பாராவுக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். இல்லை, அதற்கு ஒரு படி கீழே இருந்த எல்.எம்.எஸ். பட்டம்.

ஒரு சட்டைக்காக ஒருத்தருடைய கேரியரையே மாற்றிவிட முடியுமா என்று இன்றைக்குத் தோன்றும். முடிந்திருக்கிறது. மெட்ராஸ் மருத்துவ சர்வீஸில் சேர முயன்று பார்த்தார், இடம் கிடைக்கவில்லை. கடைசியில் சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியரானார். அலோபதி படித்தவர் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் எடுத்தது அன்றைக்குப் பெருமையான விஷயமாகப் பார்க்கப்படவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

அதே காலத்தில்தான் வீட்டில் இடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் எட்டே நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். இருவருக்கும் ஒரே நோய், டிராப்பிக்கல் ஸ்ப்ரூ. குடல், சாப்பாட்டிலிருக்கும் சத்தை உறிஞ்ச முடியாமல் போகும் நோய். விடாத வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, உடம்பு கரைந்துகொண்டே போகும். சுப்பாராவையும் அது பிடித்தது. லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்தில் அவர் மட்டும் பிழைத்தார். ஸ்ப்ரூவுக்கு உண்மையில் எது மருந்து என்ற கேள்வி அங்கிருந்து அவரோடு கூடவே வந்தது.

பகலில் ஹார்வர்டு, இரவில் வார்டு வேலை

1920-களின் முற்பகுதியில், மாமனார் கொடுத்த பணத்தையும் காக்கிநாடாவின் சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளை தந்த உதவியையும் வைத்துக்கொண்டு, அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கர்ப்பமாக இருந்த மனைவியை ஊரில் விட்டுவிட்டுத்தான் போனார். பிறந்த ஆண் குழந்தை ஒன்பது மாதத்தில் இறந்துபோனது. அப்பா முகம் பார்க்காத பிள்ளை அது. சுப்பாராவ் அதன் பிறகு இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

அவருடைய வாழ்க்கையைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பினார் என்பது உண்மை. சேஷகிரி ஒரு ஆயுள் முழுக்கக் காத்திருந்தார் என்பதும் உண்மை.

பாஸ்டனில் ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் டிப்ளமா படித்தார். எல்.எம்.எஸ். பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியவில்லை. அதனால் ஒரு மருத்துவமனையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவி வைக்கிற வேலை. பகலில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில், சைரஸ் ஃபிஸ்கேயிடம் ஆராய்ச்சி.

1925-ல் இருவரும் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய முறையை வெளியிட்டார்கள். பெயர் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை. நீங்கள் உயிர்வேதியியல் படித்திருந்தால் ஏதோ ஒரு செமஸ்டர் பிராக்டிகலில் இந்தப் பெயரைக் கடந்து வந்திருப்பீர்கள். அதைப் படித்த எத்தனை பேருக்கு அந்தச் சுப்பாராவ் சென்னையில் படித்தவர் என்று தெரியும்?

அந்த முறையை வைத்தே தசைக்குள் நோண்டினார்கள். 1927-ல் பாஸ்போகிரியேட்டின். 1929-ல் ஏ.டி.பி. இந்த இரண்டாவதைக் கொஞ்சம் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும். ஏ.டி.பி. என்பது உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் செலவழிக்கிற சில்லறைக் காசு. நடக்க, நினைக்க, மூச்சு விட எல்லாவற்றுக்கும் அதுதான் செலவாகிறது. ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே நேரத்தில் தனியாக இதைக் கண்டுபிடித்து வெளியிட்டதால் வரலாற்றில் அவர் பெயர்தான் முதலில் வருகிறது.

1930-ல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. ஃபிஸ்கேயோடு இருந்த உறவும் சிக்கலானது. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களைப் பற்றி ஃபிஸ்கே வெளியிட விடாததால், பல வருஷம் கழித்து வேறு ஆட்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று அதே துறையில் படித்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த ஹிட்சிங்ஸ் 1988-ல் மருத்துவ நோபல் வாங்கியவர்.

கீரையில் இருந்த மருந்து

1940-ல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவின் இயக்குநர் ஆனார். கல்லூரியில் கிடைக்காத ஆள்பலமும் பணமும் கம்பெனியில் கிடைத்தன. அடுத்த எட்டு வருஷத்தில் நடந்ததைப் படித்தால் ஒரே ஆள் வாழ்க்கையா என்று சந்தேகம் வரும்.

முதலில் ஃபோலிக் ஆசிட். இதன் கதை இந்தியாவில்தான் ஆரம்பிக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்தபோது அவர்களுக்குக் குணமானதை 1931-ல் எழுதினார். அதில் இருக்கும் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. 1941-ல் டெக்சாஸில் ஒரு குழு நான்கு டன் பசலைக் கீரையை அரைத்து அந்தப் பொருளைத் துளி அளவுக்குப் பிரித்தது. இலைக்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் ஃபோலிக் என்ற பெயர்.

டன் கணக்கில் கீரை அரைத்தெல்லாம் ஊருக்கே மருந்து கொடுக்க முடியாது. சுப்பாராவின் குழு அதை ஈரலிலிருந்து படிகமாகப் பிரித்தது. வேதியியல் அமைப்பைக் கண்டுபிடித்து 1945-ல் செயற்கையாகத் தயாரித்தும் காட்டியது. கையோடு அது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. டிராப்பிக்கல் ஸ்ப்ரூவில் அது வேலை செய்தது. சகோதரர்கள் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கிற மாத்திரையில் இருப்பது அதே ஃபோலிக் ஆசிட்தான்.

போலிச் சாவி

அடுத்தது, நம் கதைக்கு முக்கியமான திருப்பம். பாஸ்டனில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தவர் சிட்னி ஃபார்பர். ஃபோலிக் ஆசிட் குடும்பத்துப் பொருட்களைக் கொடுத்துப் பார்த்தபோது, சில குழந்தைகளுக்கு நோய் இன்னும் வேகமாக ஏறுவதுபோல் அவருக்குப் பட்டது. அப்படியானால் ஃபோலிக் ஆசிட்டைத் தடுத்தால் நோய் குறையுமா?

செல் இரண்டாகப் பிரிய டி.என்.ஏ.வை நகலெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் ஆசிட் தேவை. பூட்டுக்குள் போகும் சாவி மாதிரி அது ஒரு நொதியில் போய்ப் பொருந்துகிறது. சுப்பாராவின் குழுவில் இருந்த வேதியியலாளர்கள், அந்தச் சாவியில் ஒரு பல்லை மட்டும் மாற்றி ஒரு போலிச் சாவி செய்தார்கள். உள்ளே போகும், ஆனால் திறக்காது. வெளியேயும் வராது, பூட்டு அடைத்துக்கொள்ளும். அதன் பெயர் அமினோப்டெரின். இன்னும் ஒரு சின்ன மாற்றம் செய்தபோது வந்தது அமெத்தோப்டெரின். இன்றைய பெயர் மெத்தோட்ரெக்சேட்.

1947 டிசம்பரில் ஃபார்பர் ஒரு குழந்தைக்கு அமினோப்டெரின் ஊசி போட்டார். 1948 ஜூனில் வெளியான அவருடைய கட்டுரையில் 16 குழந்தைகளின் விவரம் இருந்தது. அதில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. தற்காலிகம்தான். ஆனால் அதுவரை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு அப்படி ஒரு சில மாதம் கிடைத்ததே இல்லை.

பெரியம்மா வீட்டில் கூகுள் காட்டியது இந்த அத்தியாயத்தை மட்டும்தான். அடுத்த அத்தியாயத்தைக் காட்டவில்லை.

அது எப்படி மூட்டுக்கு வந்தது?

1951-ல் நியூயார்க்கில் ரிச்சர்டு குப்னர் என்ற மருத்துவர், முடக்குவாதம் இருந்தவர்களுக்கு அமினோப்டெரினைக் கொடுத்துப் பார்த்தார். மூட்டு வீக்கம் குறைந்தது. கூடவே, சொரியாசிஸ் இருந்தவருக்குத் தோலும் தெளிந்தது. அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காரணம் கார்டிசோன். ஸ்டீராய்டு வந்து படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பி நடக்க வைத்து 1950-ல் நோபலும் வாங்கியிருந்தது. அதன் பக்கவிளைவுகள் புரிய வருஷங்கள் ஆயின.

சில டாக்டர்கள் மட்டும் விடாமல் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில், வாரம் ஒரு முறை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1985-ல் முறையான ஒப்பீட்டு ஆய்வு வந்தது. 1988-ல் முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. சுப்பாராவ் இறந்து அப்போது 40 வருஷம். இன்றைக்கு உலகம் முழுக்க முடக்குவாதத்துக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதும் மருந்து இதுதான். விலையும் குறைவு.

புற்றுநோய்க்கு இதைச் சில சமயம் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். மூட்டுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். ஒரே பெயர்தான், ஆனால் செய்கிற வேலை வேறு.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

முடக்குவாதத்தில் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி தன் சொந்த மூட்டு உறையையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. தேய்மானம் வேறு நோய். அதில் எலும்பு முனைகளுக்கு நடுவில் இருக்கும் குருத்தெலும்பு சிதைகிறது. முன்பு அதை வண்டி டயர் தேய்கிற மாதிரிதான் எல்லோரும் விளக்கினார்கள். இப்போது அந்த விளக்கம் பாதிதான் சரி என்று தெரிகிறது. தேய்மான மூட்டிலும் அழற்சி உண்டு. அதாவது உள்ளே நெருப்பு கனன்றுகொண்டிருக்கிறது.

அந்த நெருப்பை ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குக் கொண்டுபோவது யார் என்று தேடும்போது ஆராய்ச்சியாளர்கள் இப்போது உன்னிப்பாகப் பார்ப்பது செல்வெளி நுண்பைகளை. செல்கள் வெளியே விடும் மிகச் சின்னக் கொழுப்புப் பைகள் இவை. இவற்றில் சின்ன ரகம் முடி அகலத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். 1967-ல் பீட்டர் உல்ஃப் ரத்தத் தட்டணுக்களிலிருந்து இவை உதிர்வதைப் பார்த்தபோது தூசி என்றே எழுதினார். இவை குப்பை இல்லை, கூரியர் கவர் என்று பின்னால்தான் புரிந்தது. உள்ளே புரதம் இருக்கிறது, ஆர்.என்.ஏ. இருக்கிறது. முட்டியில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் இவை மிதக்கின்றன. வீங்கிய மூட்டின் பைகள், பக்கத்துச் செல்களுக்கு வீக்கத்தைப் பரப்பும் செய்தியைக் கொண்டுபோகின்றன. எல்லாப் பைகளும் கெட்ட செய்தி கொண்டுபோவதில்லை என்பதுதான் சுவாரஸ்யம்.

இங்கேதான் ஏ.டி.பி. திரும்ப வருகிறது. செல்லுக்குள் இருக்கும்வரை அது சில்லறைக் காசு. செல் உடைந்து வெளியே சிந்தினால் அபாயச் சங்கு. நோய் எதிர்ப்பு செல்கள் அதைக் கேட்டு ஓடி வரும், வீக்கம் ஏறும். சில நுண்பைகளின் மேல்பரப்பில் இருக்கும் நொதிகள், வெளியே சிந்திய ஏ.டி.பி.யை வெட்டி வெட்டி அடினோசினாக மாற்றுகின்றன. அடினோசின், வந்த கூட்டத்தை அமைதிப்படுத்தித் திருப்பி அனுப்பும் பொருள்.

குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட் மூட்டில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கமும் இதே அடினோசின்தான். மருந்து, செல்லுக்கு வெளியே அடினோசினின் அளவைக் கூட்டுகிறது. 1929-ல் ஏ.டி.பி.யைத் தேடிய அதே மனிதரின் கூடத்தில், வேறு நோய்க்காகச் செய்த மருந்து, அந்த ஏ.டி.பி. பாதையிலேயே போய் மூட்டைக் குளிர வைக்கிறது. இது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அப்படியானால் தேய்மானத்துக்கும் இதைச் சாப்பிடலாமா? பண்ருட்டி, நெய்வேலி பக்கம் முட்டி வலியோடு இருக்கும் பலரும் கேட்கிற கேள்வி இது. 2023-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், கை விரல் தேய்மானத்தோடு மூட்டு உறை வீக்கமும் இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் வலி ஓரளவு குறைந்தது. 2024-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் முட்டித் தேய்மானத்துக்கும் கொஞ்சம் பலன் தெரிந்தது, அதுவும் சின்ன அளவில்தான். இதை வைத்துத் தேய்மானத்துக்கு எல்லோருக்கும் எழுதும் மருந்தாக இது ஆகவில்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து வாங்கிச் சாப்பிடும் வேலை வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு நாள்தான், ஏன்?

இந்த மருந்தில் நடக்கிற மோசமான தவறு, வாரம் ஒரு முறை போட வேண்டியதைத் தினமும் போடுவது. வலி அதிகமாக இருக்கிறதே என்று தாங்களாகவே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டில் எழுதியதைத் தவறாகப் படித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பூட்டுகள் எல்லாம் அடைத்துப்போய், வேகமாகப் பிரிய வேண்டிய நல்ல செல்களும் நின்றுவிடும். முதலில் வாயில் புண் வரும். பிறகு எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தி விழும். பல நாடுகளில் உயிரே போயிருக்கிறது. எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கிழமை என்று நீங்களே அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட்டை வெறும் சத்து மாத்திரை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது அசல் சாவி. வாய்ப்புண், குமட்டல், ஈரல் பாதிப்பு போன்றவற்றைக் குறைக்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள். எந்த நாளில், எவ்வளவு என்று டாக்டர் சொன்னபடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள், திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது. மதுவும் இதுவும் ஈரலுக்கு ஆகாது. ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் தவறாமல் போக வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். பெரியம்மா மாதிரி மூன்றாவது வாரத்தில் கோபித்துக்கொண்டு நிறுத்தினால் எந்த மருந்தும் என்ன செய்யும்?

கடலூர் மாவட்டத்துக்கு வந்த இன்னொரு மாத்திரை

சுப்பாராவின் கூடத்திலிருந்து நம் பக்கத்துக்கு வந்தது இது மட்டும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு யானைக்கால் புழு தொற்றியது. அதற்கு மருந்து தேடியபோது 1947-ல் லெடர்லியில் வந்தது ஹெட்ராசான், அதாவது டி.இ.சி. மாத்திரை. வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடாக வந்து, வயதைக் கேட்டு, கண் முன்னாலேயே விழுங்க வைத்துவிட்டுப் போவார்களே, அந்த மாத்திரைதான். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 1996-ல் முன்னோட்டமாகத் தொடங்கியது கடலூர் மாவட்டத்தில். பண்ருட்டியும் நெய்வேலியும் இருக்கும் மாவட்டம். அந்த வருஷங்களில் இங்கே வளர்ந்த பலரும், பெயர் தெரியாமலே, சுப்பாராவின் ஒரு மருந்தையாவது விழுங்கியிருப்பார்கள்.

டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் ஆன்டிபயாட்டிக்கான ஆரியோமைசினும் அவருடைய கூடத்தில் பிறந்ததுதான். வேறு நிறுவனங்களில் ஓய்வு வயதைத் தாண்டியிருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டகரை வைத்துக்கொண்டு, மண் மாதிரிகளில் தேட வைத்துக் கண்டுபிடிக்க வைத்தார். கண்டுபிடிப்பு டகர் பெயரில்தான் அறிவிக்கப்பட்டது. அமினோப்டெரின் ஃபார்பர் பெயரோடு போனது. ஃபோலிக் ஆசிட் கட்டுரையில் நீண்ட பெயர்ப் பட்டியலில் அவரும் ஒருவர். நோபல் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. குழுத் தலைவராக இருந்து, கீழே வேலை செய்தவர்களை முன்னால் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மீதிப் பதில், அவர் அதற்கெல்லாம் போதுமான காலம் உயிரோடு இல்லை.

1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53. ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் இருபத்தைந்து வருஷம் போல இருந்தும் அந்த நாட்டுக் குடிமகனாகாமலே இறந்தார். 1946 வரை இந்தியர்களுக்கு அந்த உரிமையே அங்கே இல்லை. நூற்றாண்டுக்காக 1995-ல் இந்திய அரசு ஒரு தபால்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சை இனத்துக்கும் சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பெரியம்மா மறுபடி ஆரம்பித்து இப்போது ஐந்து மாதம். ஞாயிற்றுக்கிழமை மெத்தோட்ரெக்சேட், செவ்வாய்க்கிழமை ஃபோலிக் ஆசிட். சமையல்கட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் இரண்டு கிழமைகளிலும் அண்ணன் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் போனபோது, பலாச்சுளையை அவரே உரித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார்.